கட்டுப்பாட்டுப் பொறியியல் பேராசிரியர் ஆவதற்கு: மட்டக்களப்பு, அம்பாறை மாணவருக்கான வழிகாட்டி

வைத்தியராவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பொறியியல் பீடத்தில் படித்து, அங்கேயே விரிவுரையாளராகிப் பேராசிரியர் வரை போவது எப்படி என்று கேட்டால் சொல்ல ஆள் குறைவு. கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் சம்மாந்துறையிலும் இருந்து நல்ல கணித மூளையோடு போகும் பிள்ளைகளில் பலர் இடையில் நின்றுவிடுவது திறமை போதாமல் அல்ல. அடுத்த கட்டத்துக்கு எதை, எப்போது ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது நேரத்துக்குத் தெரியாததால்தான். கட்டுப்பாட்டுத் தொகுதிகள் என்ற துறையை எடுத்து அந்தப் பாதையை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் துறையைப் பற்றி. ஒன்றை அளப்பது, வேண்டிய பெறுமானத்தோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்துவது: இதுதான் பின்னூட்டல். இங்கினியாகலை நீர்மின் நிலையத்தில் மின்சுமை கூடினால் சுழலியின் வேகம் குறையப் பார்க்கும். வேக ஆளி (கவர்னர்) அதை உணர்ந்து நீர் வாயிலைக் கூடத் திறக்கும். கூடுதலாகத் திறந்தால் வேகம் எகிறும், பிறகு மூடும், பிறகு விழும், இப்படியே ஊசலாடும். இத்தகைய ஆளிகள் எப்போது அடங்கும், எப்போது அடங்காது என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து மாக்ஸ்வெல் 1868இல் ஒரு கட்டுரை எழுதினார். 1932இல் நைக்விஸ்ட் அதிர்வெண் வழியாக உறுதிநிலையைச் சோதிக்கும் முறையைக் கொடுத்தார். 1960இல் கல்மான், இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் தன் வடிகட்டியைக் கொடுத்தார். நெல் ஆலையில் உலர்த்தியின் வெப்பநிலை, இறால் குளத்தில் கரைந்த ஒட்சிசன், குடிநீர்த் தாங்கியின் மட்டம் எல்லாம் இதே கணக்குத்தான்.

இந்தத் துறையில் பேராசிரியராகிறவர் நிறுவலும் எழுத வேண்டும், இயந்திரத்தையும் ஓட வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதவு அடைபடும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டும் வரும்.

உயர்தரமும் பீடத் தெரிவும்

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். அனுமதி இசட் புள்ளிப்படி நடக்கிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும்.

பேராதனை, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய இடங்களில் பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இல்லை. அங்குள்ள தொழில்நுட்பப் பீடத்தைப் பொறியியல் பீடம் என்று நினைத்து விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்பும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் பட்டியலில் மேலே இருப்பதுதான் கிடைக்கும். “எனக்கு மொறட்டுவை எங்கே கிடைக்கும்” என்று கூச்சப்பட்டு அதைக் கீழே போட்டுவிட்டு, பிறகு வெட்டுப்புள்ளி வந்ததும் வருந்துவதில் பயனில்லை. மேலே போடுவதால் கீழுள்ளவை பறிபோவதில்லை. உண்மையில் எது வேண்டுமோ அந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

எந்தப் பீடம் என்பது பலர் நினைக்கும் அளவுக்குத் தலையெழுத்தை மாற்றாது. ஒலுவிலிலோ கிளிநொச்சியிலோ முதலாம் வகுப்பு எடுத்தவருக்கு வெளிநாட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. பெரிய பீடத்தில் சாதாரண சித்தியோடு வெளியேறுவதைவிட அது மேல். புள்ளி போதாமல் போனால் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் இளமாணிப் பட்டம் ஒரு நேர்மையான வழி; மட்டக்களப்பில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. காலம் கூடும், வேலை செய்துகொண்டே படிப்பதற்கு ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

உயர்தரப் பரீட்சைக்கும் பீடத்தில் கால் வைப்பதற்கும் இடையில் நீண்ட காலம் காத்திருக்க நேரும். பலர் அதைத் தனியார் வகுப்பில் படிப்பித்துக் கழிக்கிறார்கள். தவறில்லை, கைச்செலவுக்கு ஆகும். ஆனால் வாரத்தில் சில மணித்தியாலமாவது இரண்டு விஷயங்களுக்கு ஒதுக்குங்கள். ஒன்று, ஆங்கிலத்தில் கணிதம் எழுதுவது. பீடத்தில் பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். தமிழில் படித்த பிள்ளைக்கு விடை தெரியும். “ஆகவே”, “ஆயின் மட்டும்”, “என்று எடுத்துக்கொண்டால்” போன்ற இணைப்புகளை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல்தான் முதலாம் வருடத்தில் புள்ளி போகிறது. உயர்தரத்தில் செய்த இணைந்த கணித நிறுவல்களை எடுத்து, நாளுக்கு ஒன்று முழு வசனங்களாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மற்றது பைத்தன் மொழி. இலவசம், சாதாரண மடிக்கணினி போதும்.

இளமாணிப் படிப்பின் நான்கு வருடம்

இலங்கையில் கட்டுப்பாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் மின் பொறியியல் அல்லது இயந்திரப் பொறியியல் துறைக்குள் வரும். முதலாம் வருடம் எல்லோருக்கும் பொது. அதன் பெறுபேற்றை வைத்தே துறை பிரிக்கப்படும். ஆகையால் முதலாம் வருடத்தை “பழகிக்கொள்ளும் வருடம்” என்று விட்டுவிடக்கூடாது. விரிவுரையாளர் பதவிக்கு முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ தேவை. பல பீடங்களில் 4.00 அளவுகோலில் 3.70 முதலாம் வகுப்பு, 3.30 மேற்பிரிவு. மொறட்டுவையின் அளவுகோல் சற்று வேறு. உங்கள் பீடக் கையேட்டை முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்துக்கு எவ்வளவு நிறை என்பதும் அதில்தான் இருக்கிறது.

கணிதத்தில் ஆழம் வேண்டியவை: நேரியல் அட்சரகணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், சிக்கலெண் சார்புகள், நிகழ்தகவு. லாப்லாஸ் அட்டவணையைப் பார்த்து விடையெடுக்கும் மாணவர் நிறையப் பேர். முனைவு, அதாவது தொகுதியின் விளைவு எவ்வளவு விரைவில் தேயும் என்பதைக் காட்டும் எண், என்றால் என்ன என்று கேட்டால் திகைத்துவிடுவார்கள். மறை இரண்டில் ஒரு முனைவு இருக்கிறது என்றால் அந்த விளைவு 0.5 செக்கன் நேர மாறிலியோடு தேய்கிறது, நான்கு மடங்கு நேரத்தில், அதாவது சுமார் 2 செக்கனில், அடங்கிவிடுகிறது என்று உடனே மனதில் ஓட வேண்டும். இரண்டாம் வரிசைத் தொகுதியில் தணிப்பு விகிதம் 0.5 என்றால் இலக்குக்கு ஏறக்குறைய 16 வீதம் மேலே தாவும்; 0.7 என்றால் 5 வீதத்துக்குள் நிற்கும். இந்த உணர்வு வரும்வரை கையால் வரைந்து பாருங்கள், பிறகு கணினியில் சரிபாருங்கள். பைத்தனில் இதற்கென இலவச நூலகம் இருக்கிறது, ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளும் இலவசம். மட்லாப் என்ற கட்டண மென்பொருள் பீட ஆய்வுகூடத்தில் இருந்தால் பழகுங்கள், அது இல்லாமல் கை கட்டிப்போகும் நிலைக்கு வராதீர்கள்.

கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) என்ற பாடத்தையும் சொந்தமாகவாவது படியுங்கள். பொறியியல் பீடங்களில் அது குறைவு. வெளிநாட்டில் முதலாவது பருவத்திலேயே நம் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது அதுதான்.

மேசையில் ஒரு மோட்டார்

இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஒரு பின்னூட்டல் வளையத்தைச் சொந்தக் கையால் கட்டி முடிக்க வேண்டும். வேண்டிய பொருட்கள்: குறிமானி (சுழற்சியைத் துடிப்புகளாகத் தரும் உணரி) பொருத்திய 12 வோல்ட் பற்சக்கர மோட்டார் ஒன்று, மோட்டாருக்கு மின்னைக் கொடுக்கும் எல்298 ஓட்டிப் பலகை ஒன்று, ஆடுயினோ ஊனோ நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்று, 12 வோல்ட் 2 அம்பியர் மின்வழங்கி ஒன்று, செருகு பலகையும் கம்பிகளும்.

கட்டும்போது மூன்று இடத்தில் மாட்டுப்படுவீர்கள். ஆடுயினோவின் தரைமுனையையும் மின்வழங்கியின் தரைமுனையையும் இணைக்காவிட்டால் மோட்டார் தன் போக்கில் ஓடும், உங்கள் கட்டளைப்படி ஓடாது. எல்298 பலகை தானே சுமார் 2 வோல்ட்டைத் தின்னும்; 12 கொடுத்தால் மோட்டாருக்கு 10தான் போய்ச்சேரும், அதிக வேகத்தைக் கணக்கிடும்போது இதை மறக்கக்கூடாது. ஊனோவில் வெளிக் குறுக்கீட்டுக்கு (துடிப்பு வந்ததும் உடனே கவனிக்கும் வசதிக்கு) 2ஆம், 3ஆம் முனைகள் மட்டுமே. குறிமானியின் இரண்டு கம்பியும் அங்கேதான் போக வேண்டும்.

இனி எண்ணிக்கை. மோட்டார் அச்சில் ஒரு சுற்றுக்கு 11 துடிப்பு, பற்சக்கர விகிதம் 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தடத்திலும் ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் வெளி அச்சின் ஒரு சுற்றுக்கு 11, 30, 4 மூன்றையும் பெருக்க 1320 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 100 சுற்று ஓடினால் செக்கனுக்கு 2200. மாதிரி நேரம், அதாவது எண்ணிக்கையை வாசிக்கும் இடைவெளி, 10 மில்லிசெக்கன் என்றால் ஒரு தடவைக்கு 22 எண்ணிக்கைதான் கிடைக்கும். ஒன்று கூடக்குறைய வந்தால் வேகத்தில் 4.5 வீதம் துள்ளும். “சென்சர் பழுது” என்று மாணவர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 20 மில்லிசெக்கன் எடுத்தால் 44 எண்ணிக்கை, துள்ளல் 2.3 வீதத்துக்கு இறங்கும். அதற்கும் மேல் நீட்டினால் மோட்டாரின் வேகமான அசைவைத் தவறவிடுவீர்கள். இந்த இழுபறிதான் இலக்கமுறைக் கட்டுப்பாட்டின் முதல் பாடம்.

மோட்டாரின் கணித உருவத்தை எடுக்க, கட்டளையைப் பூச்சியத்திலிருந்து திடீரென ஏற்றிப் பார்க்கக்கூடாது. சிறிய கட்டளைகளுக்கு உராய்வு மோட்டாரை அசையவே விடாது. அந்த மந்த வலயம் கணக்கைக் கெடுக்கும். 0 முதல் 255 வரையான கட்டளையில் 120இல் ஓட விட்டு, அடங்கிய பிறகு 160க்கு ஏற்றுங்கள். வேகம் நிமிடத்துக்கு 60 சுற்றிலிருந்து 84க்குப் போனால் ஈட்டம், அதாவது கட்டளை ஓர் அலகு ஏற வேகம் ஏறும் அளவு, 24ஐ 40ஆல் பிரிக்க 0.6. மாற்றத்தின் 63 வீதத்தை எட்ட எடுத்த நேரமே நேர மாறிலி, அது 0.15 செக்கன் என்போம். இலக்கு வேகத்துக்கும் அளந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் வழு. கட்டளையில் இரண்டு பகுதி: வழுவை விகித ஈட்டத்தால் பெருக்கியது ஒன்று, காலத்தோடு சேர்ந்துவரும் வழுவைத் தொகையீட்டு ஈட்டத்தால் பெருக்கியது மற்றது. மூடிய வளையம் 0.3 செக்கன் மாறிலியோடு நடக்க வேண்டுமென்றால், விகித ஈட்டம் 0.15ஐ 0.6, 0.3 இரண்டின் பெருக்கத்தால் பிரிக்க, ஏறக்குறைய 0.83. தொகையீட்டு நேரம் அதே 0.15, ஆகவே தொகையீட்டு ஈட்டம் சுமார் 5.6. ஒவ்வொரு மாதிரியிலும் இதை வழுவாலும் 0.02ஆலும் பெருக்கித்தான் தொகையீட்டில் சேர்க்க வேண்டும். அந்த 0.02ஐ மறந்தால் ஈட்டம் ஐம்பது மடங்கு பெரிதாகி மோட்டார் முன்னும் பின்னும் உதறும்.

ஓட ஆரம்பித்ததும் அச்சைத் துணியால் மெல்லப் பிடித்து நிறுத்தி, 3 செக்கன் கழித்து விடுங்கள். மோட்டார் இலக்கைத் தாண்டிப் பாய்ந்து நெடுநேரம் கழித்தே இறங்கும். பிடித்திருந்த வேளையில் வழு கூடிக்கூடித் தொகையீட்டில் குவிந்துவிட்டது. கட்டளையோ 255க்கு மேல் போக முடியாது. வெளியீடு எல்லையைத் தொட்டதும் தொகையீட்டை நிறுத்தும் ஒரு வரியைச் சேர்த்து மறுபடி பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அளவீடுகளை எழுத்து வரிகளாகக் கணினிக்கு அனுப்புவதிலும் ஒரு பொறி உண்டு: 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிசெக்கன் போகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் முப்பது எழுத்து அனுப்பினால் 20 மில்லிசெக்கன் மாதிரி நேரமே உடைந்துபோகும். 115200க்கு மாற்றுங்கள்.

இதைச் செய்து முடித்து, வரைபுகளோடு நான்கு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைத்தவரிடம் பின்னாளில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் “நீ என்ன செய்திருக்கிறாய்” என்று கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

நான்காம் வருடமும் அதற்கு அடுத்த வருடமும்

இறுதி வருடச் செயற்றிட்டத்தைத் தலைப்பின் கவர்ச்சிக்காக எடுக்க வேண்டாம். அண்மையில் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஒரு மேற்பார்வையாளரைத் தேடுங்கள். தலைப்பு பிறகு வரும். முடிவை மொறட்டுவையில் நடக்கும் மெர்கொன் போன்ற மாநாட்டுக்கு அனுப்பலாம். ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டு உடனே பணம் கட்டச் சொல்லும் மாநாடுகள், இதழ்கள் பக்கம் போக வேண்டாம். அப்படி வெளியான கட்டுரை உங்கள் விபரக்கோவையில் இல்லாதிருப்பதே நல்லது.

முதல் கட்டுரைக்கு முன் பெயரைத் தீர்மானியுங்கள். நம்மிடம் தந்தை பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறொன்று. வெளிநாட்டு இதழ் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். மூன்று கட்டுரை மூன்று வடிவத்தில் வந்தால் மேற்கோள்கள் மூன்று பேருக்குப் பிரிந்து போகும். கடவுச்சீட்டோடு ஒத்துப்போகும் ஒரே வடிவத்தை எடுத்து, ஓர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணையும் பெற்று, கடைசிவரை மாற்றாதீர்கள்.

பட்டம் முடிந்ததும் பீடங்கள் நல்ல சித்தியாளர்களைத் தற்காலிகப் போதனாசிரியராகவோ தற்காலிக விரிவுரையாளராகவோ எடுக்கும். சம்பளம் தனியார் நிறுவனங்களைவிடக் குறைவாக இருந்தாலும் இந்த ஒரு வருடம் பெறுமதியானது. ஆய்வுகூடம் நடத்தப் பழகுவீர்கள், ஆங்கிலம் வாயில் ஓடும், சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவர்கள் உங்களை வேலையில் பார்த்திருப்பார்கள். வெளிநாட்டு விண்ணப்பத்தையும் இதே வருடத்தில்தான் முடிக்க வேண்டும்.

கலாநிதிப் பட்டம்

சொந்தக் காசில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போகாதீர்கள். காணி விற்று, நகை அடகு வைத்துப் போகும் படிப்பல்ல இது. பொறியியலில் தகுதியான மாணவருக்குக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அவர்களே தருவார்கள். அமெரிக்காவில் ஆய்வு அல்லது கற்பித்தல் உதவியாளர் பதவியாக வரும், நான்கு முதல் ஆறு வருடம். சுவீடன், நெதர்லாந்து, ஜேர்மனி போன்ற நாடுகளில் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலையாகவே விளம்பரப்படுத்துவார்கள். ஜப்பானுக்கு அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் உண்டு.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் மூடும். உதவித்தொகையோடு வரும் பதிலுக்கு ஏப்ரல் 15 வரை முடிவு சொல்லலாம் என்பது அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் உடன்பாடு. பின்னோக்கிக் கணக்கிட்டால் ஜூலையில் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை, ஓகஸ்டில் பேராசிரியர் பட்டியல், செப்டெம்பரில் மின்னஞ்சல்கள், ஒக்டோபரில் சிபாரிசு கேட்டல். சிபாரிசு எழுதுகிறவருக்கு ஆறு வாரமாவது கொடுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தைப் பீட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அது கைக்கு வர வாரக்கணக்காகலாம். நவம்பர், டிசம்பர் வடகீழ்ப் பருவக்காற்றில் நம் பக்கம் மின்சாரமும் இணைய இணைப்பும் நம்ப முடியாதவை. கடைசி நாள் இரவுக்கு எதையும் வைக்காதீர்கள்.

மின்னஞ்சல் எப்படி எழுதுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். “ரெஸ்பெக்டட் சேர்” என்று தொடங்கி, உங்கள் மேலான ஆய்வைக் கண்டு வியந்தேன் என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் திறக்காமலே அழிபடும். “டியர் புரொபெசர்” என்று குடும்பப் பெயரோடு தொடங்குங்கள். முதல் பந்தியில் நீங்கள் யார், எந்தப் பீடம், என்ன வகுப்பு, எந்தப் பருவத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். இரண்டாம் பந்தியில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் எந்த எடுகோள் உங்களுக்குக் கேள்வியாக நின்றது என்று இரண்டு மூன்று வசனம். உதாரணமாக, அளவீடு தாமதமாக வந்தால் அவருடைய உறுதிநிலை நிபந்தனை நிற்குமா என்ற மாதிரி. மூன்றாம் பந்தியில் நீங்கள் கட்டியது, எழுதியது. இரண்டு பக்க விபரக்கோவையும் பெறுபேறும் இணைப்பு. பத்துப் பேருக்கு இப்படி எழுதினால் போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு தடவை மட்டும் நினைவூட்டுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளரே முக்கியம். முடிவெடுக்கு முன் அவருடைய தற்போதைய மாணவர் இருவருக்கு எழுதிக் கேளுங்கள்: எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், வாரம் எத்தனை முறை சந்திக்கிறார், பணம் நடுவில் நின்றதுண்டா, பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள்.

ஆய்வுக் கட்டுரை எங்கே போகும் என்பதும் இப்போதே தெரிய வேண்டும். துறையின் பெரிய இதழ்கள் ஐஇஇஇ ட்ரான்சாக்ஷன்ஸ் ஒன் ஒட்டோமெட்டிக் கன்ட்ரோல், ஒட்டோமெட்டிக்கா இரண்டும். மாநாடுகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் சிடிசி (தீர்மானமும் கட்டுப்பாடும் பற்றிய மாநாடு) முதலிடம். அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு மாநாடுகள் அடுத்து. 1957இல் அமைக்கப்பட்ட ஐஃபாக் என்ற சர்வதேசத் தானியங்கிக் கட்டுப்பாட்டுச் சம்மேளனத்தின் உலக மாநாடு மூன்று வருடத்துக்கு ஒரு முறை. கட்டுரைகள் திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சிலவற்றுள் அடங்கும். தேற்றத்தின் நிபந்தனையை எந்த உண்மையான தொகுதியிலும் சோதிக்க முடியாதிருப்பது. கட்டளைக்கு எல்லை உண்டு என்பதை மறந்திருப்பது. தன் முறையைச் சரியாகச் செப்பனிடாத பி.ஐ.டி.யோடு (விகிதம், தொகையீடு, வகையீடு மூன்றும் சேர்ந்த வழக்கமான கட்டுப்படுத்தியோடு) ஒப்பிட்டு வென்றதாகக் காட்டுவது. உருவகப்படுத்தலின் பரமானங்களை எழுதாமல் விடுவது. இந்தக் குறைகளை முதல் வரைவிலேயே களைந்தால் ஒரு வருடம் மிஞ்சும்.

விரிவுரையாளர் நியமனம்

நாட்டுக்குள் இரண்டு ஒழுங்கு உண்டு. இளமாணியோடு தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, கல்வி விடுமுறையில் வெளிநாடு போய்ப் பட்டத்தோடு திரும்புவது ஒன்று. பட்டத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது மற்றது. முதலாவதில் பதவி கையில் இருக்கும், ஆனால் பிணைப் பத்திரத்தில் கையொப்பம் இட வேண்டும், பிணையாளிகளும் வேண்டும். திரும்பாமல் விட்டால் அவர்களும் அகப்படுவார்கள். சம்பளத்தோடு தரும் விடுமுறைக்கும் எல்லை உண்டு. ஐந்து வருடப் படிப்புக்கு அது போதுமா என்று கையொப்பத்துக்கு முன் பாருங்கள். எங்கள் அபிப்பிராயத்தில், முதலாம் வகுப்போடு உள்ளூர்ப் பீடம் ஒன்றில் நிரந்தர இடம் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு போவதே நல்லது. நிரந்தர இடங்கள் அடிக்கடி விளம்பரமாவதில்லை.

நிரந்தரமாக்கலுக்குப் பணியாளர் மேம்பாட்டு நிலையத்தின் கற்பித்தல் சான்றிதழ்ப் பாடநெறியையும் முடிக்க வேண்டியிருக்கும். முதலாம் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

கற்பித்தல், கூடம், ஆய்வு

அறுபது மாணவர் வகுப்புக்கு நான்கு பேர் குழுவாகப் பிரித்தால் பதினைந்து குழு. ஐந்து மோட்டார்த் தொகுதி இருந்தால் மூன்று அமர்வு. கையிருப்பாக ஆறாவது ஒன்றும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பருவத்திலும் ஓர் ஓட்டிப் பலகையாவது எரியும். ஒலுவில் போன்ற கரையோரத்தில் உப்புக் காற்று செருகிகளைப் பச்சை பிடிக்க வைக்கும். பருவம் முடிந்ததும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான பெட்டியில் அடையுங்கள். அளவீட்டில் காரணமில்லாத துள்ளல் வந்தால் மென்பொருளைத் தோண்டுமுன் செருகியைப் பாருங்கள். மழைக்கால மாதங்களில் வெள்ளத்தால் பாதை அடைபட்டு மாணவர் வர முடியாமல் போகும். செய்முறைகளைப் பருவத்தின் தொடக்கத்துக்கு இழுத்துவிட்டு, அந்த வாரங்களில் உருவகப்படுத்தல் பயிற்சியை வையுங்கள்.

ஆய்வுக்கு மேற்கு நாட்டு ஆய்வுகூடத்தின் தலைப்பையே இங்கே கொண்டுவந்து நடத்தப் பார்த்தால் உபகரணம் இல்லாமல் நின்றுவிடும். அம்பாறையின் நெல் ஆலைகள், ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை, கரையோர இறால் பண்ணைகள் எல்லாம் கட்டுப்பாட்டுப் பிரச்சினைகளே. காகித ஆலையைக் குறைவாக நினைக்க வேண்டாம்: சுவீடனின் கார்ல் ஆஸ்ட்ரோம் 1960களில் ஒரு காகித இயந்திரத்தைக் கணினியால் கட்டுப்படுத்தும் வேலையிலிருந்துதான் சீரற்ற குழப்பங்களைக் கையாளும் கட்டுப்பாட்டில் துறையையே மாற்றிய முடிவுகளைக் கண்டார். நெல் உலர்த்தியில் காற்றின் வெப்பத்தை மாற்றினால் மணியின் ஈரப்பதன் மாறுவதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தாமதமே தாமதத் தொகுதிகளின் கோட்பாட்டுக்கு நேரான நுழைவாயில். ஆலைக்காரரிடம் போகும்போது முதல் சந்திப்பில் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் தரவு மட்டும் பதிய அனுமதி கேளுங்கள். அறுவடைக் காலத்தில் போக வேண்டாம், அவருக்கு நேரம் இராது. தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வு மானியங்களுக்கு விண்ணப்பிக்கையில் அந்தத் தரவு உங்கள் பலம்.

பதவி உயர்வு

தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம், பிறகு இணைப் பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று ஏணி போகும். ஓய்வு வயது 65. பேராசிரியர் பதவிக்கு மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைப்படி புள்ளி இடுவார்கள்: கற்பித்தலும் கல்வி விருத்தியும், ஆய்வும் ஆக்கமும், அறிவைப் பரப்பலும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பங்களிப்பும். ஒன்றில் குவித்து மற்றதை வெறுமையாக விட்டால் மொத்தம் போதுமாக இருந்தாலும் தட்டுப்படும். நடைமுறையில் உள்ள சுற்றறிக்கையைப் பதவியில் சேர்ந்த வருடத்திலேயே எடுத்து வாசித்து, அதே தலைப்புகளில் ஒரு கோப்பைத் திறவுங்கள். ஒவ்வொரு பாடத்திட்டக் குழுக் கடிதம், மாநாட்டு மதிப்பாய்வு நன்றிக் கடிதம், பாடசாலையில் நடத்திய பட்டறையின் உறுதிக் கடிதம் எல்லாம் அன்றன்றே அதற்குள் போக வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கடிதம் தேடினால் ஒப்பமிட்டவர் ஓய்வுபெற்றிருப்பார். விண்ணப்பங்கள் தாமதமாவதற்கு ஆய்வுக் குறைவைவிட அத்தாட்சிக் குறைவே பெரும்பாலும் காரணம்.

கூட்டாகக் கட்டுரை எழுதும்போது உங்கள் பங்கு என்ன என்று அன்றே இணையாசிரியர்களிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரோடு மட்டுமே கட்டுரை எழுதியவரை வெளி மதிப்பீட்டாளர் சுயமான ஆய்வாளராகப் பார்க்கத் தயங்குவார். திரும்பி வந்த மூன்று வருடத்துக்குள் மேற்பார்வையாளர் பெயர் இல்லாத ஒரு கட்டுரையாவது வரவேண்டும்.

ஏழு ஆண்டுப் பணிக்கு ஓர் ஆண்டு ஓய்வாராய்ச்சி விடுமுறை உண்டு. அதற்கான அழைப்புக் கடிதத்தை ஒன்றரை வருடத்துக்கு முன்பே தேடத் தொடங்குங்கள். பிள்ளைகளின் பாடசாலை, விசா, பதிலுக்குப் பாடம் எடுக்க ஆள் ஆகிய மூன்றுக்கும் அவ்வளவு காலம் பிடிக்கும். போகும்போது பாதி எழுதிய கட்டுரை இரண்டையும், இங்குள்ள ஆலையில் பதிந்த தரவையும் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள குழுவுக்கு அந்தத் தரவு வேறெங்கும் கிடைக்காது. கூட்டு மேற்பார்வையில் உங்கள் முதல் கலாநிதி மாணவரை அனுப்பும் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.